பென்சில் எண் போட்ட முட்டைகள்

பழவேற்காடு படகுத்துறையில் வெயில் ஏறுகிறது. கல்லூரிப் பேருந்திலிருந்து மாணவர்கள் கூடாரங்களை இறக்குகிறார்கள். நானும் மாணவனாக இருந்தபோது காட்டில் நான்கு நாள், இந்தக் கடற்கரையில் மூன்று நாள் முகாமிட்டேன். ஈரக் கித்தானின் வாடை இன்னும் எனக்குப் பிடிக்கிறது.

அந்த முகாமில் ஆமைக்கூட்டைத் தோண்டி, முட்டைகளைப் புரட்டி, பென்சிலால் எண் போட்டுப் புதைத்தவன் நான். கூடு கலைந்திருப்பதைக் கண்டு பேராசிரியர் கேட்டபோது, காவலிருந்த முனுசாமியைக் கைகாட்டினேன். அவர் வேலை போயிற்று.

அவர் இப்போது இல்லை. இறால் பிரித்துக்கொண்டிருக்கும் அவர் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். அவள் கை நிற்கவில்லை.

"நீங்கதானா அது? ஒரு முட்டைகூடப் பொரிக்கல. நைனா தோண்டிப் பாத்தா, எல்லாத்துலயும் நம்பரு. நைனாவுக்குக் கையெழுத்தே போட வராது, ஊருக்கே தெரியும்."

"அதை அவர் யாரிடமும் சொல்லவில்லையா?"

"இன்னா பெரியவரே, சொல்லாமலா? முட்டைய துண்டுல கட்டிக்கினு பாரஸ்ட் ஆபீசுக்குப் போச்சு. படிக்கிற புள்ள பொய் சொல்லுமான்னு கேட்டு அனுப்பிட்டாங்க."