வெளிக்காற்று முப்பது

பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே, மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு சிறிய அறை. பன்னிரண்டு படி இறங்கினால் தகடு வெட்டும் சத்தம். பன்னிரண்டு படி ஏறினால் அண்ணியின் சமையலறை. அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் பட்டறையைப் பார்த்துத் திறப்பது. பத்தொன்பது வருடமாக அவளுக்கு அதுதான் அலுவலகம்.

பெயின்ட் பூசிய இரும்புச் சாமான்களைச் சூட்டில் வைத்து இறுக்கும் பெரிய அடுப்புகளை அண்ணன் செய்து விற்கிறார். ஓர் அறை அளவு இருக்கும் ஒவ்வொன்றும். அவள் கணவன் அவற்றைக் கொண்டுபோய்ப் பொருத்துகிறவன். அடுப்பின் சுவர்களுக்குக் கணக்குப் போடுவது அவள் வேலை. அண்ணனிடம் கோபித்துக்கொண்டு போவதென்றால் தன் வேலை, கணவனின் வேலை, மேலே குடியிருக்கும் இரண்டு அறை எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

யார் எந்த வரைபடத்தை நீட்டினாலும் முதலில் "தடிமன் எவ்வளவு?" என்பாள். பட்டறையில் அவளுக்குத் தடிமன் அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. ஆள் என்னவோ ஈர்க்குச்சி.

அவளைப் பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. கவனமானவள், இரண்டும் ஒன்றல்ல. கணக்கும் அப்படியொன்றும் கடினமானதில்லை. அடுப்புக்குள் இருநூறு டிகிரி, வெளிக்காற்று முப்பது. நடுவில் இரண்டு தகடுகள், அவற்றுக்கிடையே திணித்த, தீப்பிடிக்காத பஞ்சு. தகடு வெப்பத்தைத் தடுப்பதில்லை, அதை விட்டுவிடலாம். பஞ்சின் தடிமனை அதன் வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் அது காட்டும் தடை கிடைக்கும். வெளித்தகட்டை ஒட்டிய காற்றின் தடையையும் அதோடு கூட்ட வேண்டும். நூற்றெழுபது டிகிரி வித்தியாசத்தை அந்த மொத்தத்தால் வகுத்தால், ஒரு சதுர மீட்டர் சுவர் வழியே எவ்வளவு வெப்பம் கசிகிறது என்று தெரிந்துவிடும். அதிலிருந்து வெளித்தகட்டின் சூடு. ஐம்பதைத் தாண்டக் கூடாது என்பது ஒப்பந்தம்.

இந்தக் கணக்கில் நேரம் கிடையாது. எல்லாம் சூடேறி ஒரு நிலைக்கு வந்தபின் நேற்றும் நாளையும் ஒன்றுதான். வெப்பம் போய்க்கொண்டேயிருக்கும், எந்த இடத்திலும் எதுவும் மாறாது. அவளுக்கு இதைப் புரியவைக்க யாரும் அதிகம் பாடுபட வேண்டியிருக்கவில்லை.

போன மாதம் அனுப்பிய அடுப்புக்கு இரண்டு அங்குலப் பஞ்சு, கணக்குப்படி வெளித்தகடு நாற்பத்தெட்டு. அதைப் பொருத்தி, ஒருநாள் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த கணவன் சட்டையைக் கழற்றி வாளியில் பிழிந்தான்.

"என்ன, அந்தப் பக்கம் மழையா?"

"மழையா? அந்தச் சந்துக்குள்ள போய்ப் பாரு, தெரியும்."

"எந்தச் சந்து?"

"அங்க ஏற்கெனவே பழைய அடுப்பு ஒண்ணு இருக்குல்ல. அதுக்கும் நம்மளதுக்கும் நடுவுல ரெண்டரை அடி. பின்னாடி சுவரு, மேல தளம். சுவிட்சு பலகையை அங்கதான் வெச்சிருக்காங்க. ஒரு பெரியவரு ஸ்டூல் போட்டு நாள் பூரா அதுக்குள்ளதான் உக்காந்திருக்காரு."

அவள் வரைபடத்தை எடுத்து விரித்தாள். பழைய அடுப்பு அதில் இல்லை. அண்ணனின் வரைபடத்தில் அண்ணன் விற்பது மட்டும்தான் இருக்கும். சுற்றிலும் வெள்ளைத் தாள். அந்த வெள்ளைக்குத்தான் அவள் இத்தனை காலமும் முப்பது டிகிரி என்று போட்டு வந்திருக்கிறாள். தவறென்று யாரும் சொன்னதில்லை, வெள்ளைத் தாளில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதால்.

மறுநாள் கணவனிடம் தெர்மாமீட்டர் கொடுத்தனுப்பினாள். சந்தில் காற்று நாற்பத்தைந்து. முப்பதை அடித்துவிட்டு அதைப் போட்டாள். வெளித்தகடு அறுபத்தொன்று. பஞ்சை இரண்டு மடங்காக்கிப் பார்த்தாள்; அப்போதும் ஐம்பதுக்குள் வரவில்லை, சந்துதான் இன்னும் குறுகியது. இரண்டு பக்கமும் சூடு, போக வழி ஒரே ஒரு வாய். அந்த வாயையும் அடைத்துவிட்டால் பஞ்சு எத்தனை கனமாக இருந்தாலும் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. கடைசியில் நடுவில் இருப்பதும் அடுப்பாகிவிடும்.

மதியச் சாப்பாட்டில் அண்ணனிடம் சொன்னாள்.

"சுவிட்சு பலகையை முன்பக்கம் மாத்தச் சொல்லணும்ணா."

"கணக்கு தப்பாப் போட்டுட்டியா?"

"கணக்கு சரி. வெளிக்காத்து தப்பு."

"காத்தை நாம விக்கலையேம்மா." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "முப்பதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு. அவங்க பலகையை எங்க மாட்டுனா நமக்கென்ன?"

"உள்ள ஒரு ஆள் இருக்காருண்ணா."

"பழைய அடுப்புகிட்ட பத்து வருஷமா இருக்காரு. அதையும் நீயா பண்ணே?"

"சாப்பிடுற நேரமாவது அந்த அடுப்பை இறக்கி வைங்களேன்" என்றாள் அண்ணி.

வியாழக்கிழமை ஒப்படைப்பு. அந்தத் தொழிற்சாலை மேலாளருக்குக் கணக்குத் தாள் வேண்டும், கணக்கிட்டவரின் கையெழுத்தோடு. அண்ணன் கணவனோடு அவளையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

சந்துக்குள் பெரியவர் எழுந்து அவளுக்கு ஸ்டூலைத் தந்தார். அவள் உட்காரவில்லை. திரும்பியபோது முழங்கை தகட்டில் பட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"பாத்தும்மா. நான் அதுக்குப் பழகிட்டேன்."

"அந்தத் தகடு அறுபத்தொண்ணு."

"அவ்வளவுதானா? நான் அறுபத்தஞ்சுன்னு நெனச்சிருந்தேன். நாலு டிகிரி லாபம்." சிரித்துவிட்டு அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "நீங்கதான் கையெழுத்து வெக்கணுமாமே?"

"ஆமா."

"வெக்கலேன்னா பலகையை வெளிய மாத்துவாங்களா?"

"தெரியலைங்க."

"அப்ப வெக்காதீங்க. எனக்கும் தெரிஞ்சுக்கணும்."

மேலாளரின் மேசையில் தாளை வைத்தபோது அவள் பேனாவை எடுக்கவில்லை. "சுத்தி முப்பது டிகிரி இல்லை சார். இதுல நான் கையெழுத்து போட முடியாது" என்றாள்.

மேலாளர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கோபப்படவில்லை. தாளைத் தன் பக்கம் இழுத்து, கணக்கிட்டவர் என்ற கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, தேதியும் எழுதினார். மேலாளர் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தார். நிரம்பியிருந்தது. முத்திரை வைத்தார்.

சந்தின் வாயில் பெரியவர் நின்றிருந்தார்.

"என்னாச்சும்மா?"

"எங்கண்ணன் போட்டுட்டாரு."

"ஓ" என்றார். உள்ளே மணி அடித்தது. துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனார்.

திரும்பும்போது வேனில் அண்ணனுக்கும் கணவனுக்கும் நடுவில் இருந்தாள். கணவன் சாலையைப் பார்த்தபடி வந்தான்.

"இனிமே நீ கணக்கை மட்டும் போடும்மா" என்றார் அண்ணன். பாரத்தை இறக்கி வைக்கிறவரின் கனிவு அவர் குரலில் இருந்தது. "கையெழுத்தை நான் பாத்துக்கறேன். உனக்கு எதுக்கு இந்தக் கவலையெல்லாம்?"

அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு தாளும் பட்டறையைத் தாண்டியதில்லை. இனி தாண்டும்.

அடுத்த அடுப்பின் கணக்கு சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார். சரி என்றாள்.