பனியில் படிக்க ஒரு போர்டு

சாந்தன்பாறைப் பக்கம் ஒரு சின்னக் கடையில் ஃபிளெக்ஸ் டிசைன் செய்வது என் வேலை. கல்யாணம், பெருநாள், பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாமே என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ரோட்டுக்கு வரும். 'டிசைன் நல்லா வர என்ன செய்யணும்?' என்று யாராவது மெசேஜ் அனுப்பினால் போதும், நிறத்தைப் பற்றியும் எழுத்துருவைப் பற்றியும் பக்கம் பக்கமாகப் பதில் போடுவேன். எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு. அந்த நினைப்பை ஒரு யானை வந்து துடைத்துவிட்டுப் போனது.

நாங்கள் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்து வாலிபர்களின் கிளப்பிலிருந்து ஒரு எச்சரிக்கை போர்டுக்கு ஆர்டர் வந்தது. ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவர்களை ஜீப் இறக்கிவிடும் வளைவில் ஒரு குறுக்குப் பாதை தொடங்குகிறது. சில காலைகளில் அதில் காட்டு யானை நிற்கும். அப்படிப்பட்ட நாளில் வனத்துறை வாட்சர் பாதையின் வாயில் இந்த போர்டை நிறுத்திவைப்பார். போர்டு நின்றால் யாரும் இறங்கக் கூடாது, ரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்கள் மலை யானைக்கு மணி கட்ட ஆளில்லையே, அந்த மணிக்குப் பதில்தான் இந்த போர்டு.

அந்தப் பாதையில் வாரம் ஆறு நாள் இறங்குகிறவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. அதனால் உயிரைக் கொடுத்துச் செய்தேன். பனி படர்ந்த மலை, அதன் நடுவே சாம்பல் நிறத்தில் கம்பீரமாக ஒரு கொம்பன் யானை, சுற்றிலும் தங்க நிற பார்டர். 'அன்பார்ந்த தொழிலாளர்களே' என்று தொடங்கி ஐந்து வரி, நான்கு எழுத்துரு, எல்லா எழுத்துக்கும் நிழல். கீழே கிளப்காரர்கள் ஆறு பேரின் சிரித்த முகங்கள். எங்கள் ஊரில் முகம் இல்லாமல் ஒரு ஃபிளெக்ஸ் ரோட்டுக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. நான் அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வேறு வைத்தேன்.

போர்டு நின்ற முதல் நாள், பத்து மணிக்கெல்லாம் அம்மா என் கடை வாசலில் வந்து நின்றாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"யானைட்டி மகளே! இந்தா, இங்கன இருந்து அந்த டீக்கடை தூரந்தான் இருக்கும்."

"போர்டைப் பாக்கலையாம்மா?"

"பாத்தோம்ல. தங்க பார்டரும் சிரிச்ச மூஞ்சியுமா நின்னுச்சு. யாரு வீட்டுக் கல்யாணமோன்னு பேசிக்கிட்டேதான் எறங்கினோம். கிளை ஒடியிற சத்தம் கேட்டதும் போட்டது போட்டபடி மேல ஓடியாந்தோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு அவள்மேலேயே கோபம் வந்தது.

"தமிழ்லதான எழுதிருந்தேன், படிச்சா என்னம்மா?"

"நடக்கிற நடையில அம்புட்டையும் எங்கிட்டு நின்னு படிக்க?"

மறுநாள் நானும் அதே ஜீப்பில் போனேன். வளைவில் இறங்கியதும் எங்கும் பனி. போர்டு அன்றைக்கும் நின்றது. இருபது அடி தள்ளி நின்று என் வேலையை நானே பார்த்தேன். தங்க பார்டர் தெரிந்தது. ஆறு முகங்கள் மங்கலாகத் தெரிந்தன. யானையை மட்டும் காணவே காணோம். பனியில் பனியை வரைந்து வைத்திருக்கிறேன்! வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்தேன். ஏலச் செடிகளுக்கு நடுவே ஒரு பாறை இருந்தது.

பாறையின் காது அசைந்தது.

"ஆண்டவரே" என்று அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஜீப்பை ஒட்டி நின்றோம். அத்தனை பெரிய உடம்பு என் கண்ணெதிரே இவ்வளவு நேரமும் நின்றிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அது ஒரு செடியை முறித்துத் தின்றது. பிறகு திரும்பி நடந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் வால் இல்லை, முதுகு இல்லை, ஒன்றுமே இல்லை. சத்தமும் இல்லை. பயத்தை மிஞ்சி எனக்குள் ஏதோ நிறைந்தது. அழுகை வந்தது, ஏனென்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. ஒளிந்துகொள்வது எப்படி என்று அதற்குத் தெரிந்த அளவு, காட்டுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பெண்கள் ரோட்டைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொருவராகப் பனிக்குள் மறைந்த பிறகும், அம்மா தலையில் போட்டிருந்த மஞ்சள் பிளாஸ்டிக் ஷீட் மட்டும் வெகுதூரம் வரை தெரிந்துகொண்டே இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைக்கு வந்து எல்லாவற்றையும் அழித்தேன். மஞ்சள் பின்னணி. நடுவில் கறுப்பில், போர்டின் பாதியை அடைத்து, 'யானை'. அதன் கீழ் 'இறங்காதே'. அதற்கும் கீழே அதே இரண்டு சொல் மலையாளத்தில். சுற்றிலும் வெறும் மஞ்சள். காலி இடத்தைக் கண்டால் ஒரு பூவாவது வைக்கத் துடிக்கும் கையை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பனிக்குப் பதிலாக, தேய்ந்து வெளுத்த பிளாஸ்டிக் கவர் ஒன்றை ஸ்கிரீன்மேல் ஒட்டிவிட்டு, எதிர்ச் சுவர் வரை பின்னால் போய்ப் பார்த்தேன். தெரிந்தது. இன்றும் எந்த டிசைனையும் அந்தக் கவர் வழியாகப் பார்க்காமல் பிரிண்டுக்கு அனுப்புவதில்லை. யாராவது மெசேஜில் கேட்டால், அது எந்த இடத்தில் நிற்கப்போகிறதோ அங்கே முதலில் நீ போய் நில் என்று மட்டும் எழுதுகிறேன்.

கிளப் செயலாளர் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, நம்ம பசங்க மூஞ்சி ஒண்ணுகூட இல்ல?"

"மூஞ்சிய உங்க கல்யாணத்துக்குப் பெருசாப் போட்டுத் தாரேண்ணே. இது யானைக்கு."

முணுமுணுத்துக்கொண்டேதான் எடுத்துப்போனார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாள். வழக்கமான நேரம், வழக்கமான அலுப்பு.

"இன்னைக்கு போர்டு நின்னுச்சாம்மா?"

"நின்னுச்சு. சுத்திதான் போனோம்."

"புது போர்டு எப்படி, நல்லாருக்கா?"

அம்மா யோசித்துப் பார்த்தாள். அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

"போர்டை யாரு பாத்தா? யானைன்னு இருந்துச்சு, திரும்பிட்டோம்."

அவள் உள்ளே போனதும், வாசலில் கழற்றிப் போட்டிருந்த இரண்டு செருப்பையும் எடுத்து நேராக வைத்தேன்.