குதிகாலில் வரப்பு இடிக்கும்வரை

போன மாதம் தஞ்சாவூரில் ஒரு கல்லூரி விழா. என் மகள் அங்கேதான் வேலை பார்க்கிறாள். மாணவிகள் கும்மி ஆடுகிறார்கள் என்று சொல்லி என்னையும் என் அக்காவையும் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். மேடையில் பெண்கள் வட்டமாக நின்று, குனிந்து கைதட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு எட்டு பின்னால் வைத்தார்கள். எங்கள் தெருக் கும்மியேதான். அதுவரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு பேராசிரியர் மைக்கைப் பிடித்தார். ஆதியில் நிலா வெளிச்சத்தைக் கண்டு மகிழ்ந்த பெண்கள் ஆடியதாம் இது. இப்படிப் பின்னால் போவது தமிழ்ப் பெண்ணின் நாணத்தைக் காட்டுகிறதாம்.

நாணமாவது, மண்ணாங்கட்டியாவது! எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. எங்கள் ஊர் மிராசுதார் வீட்டில், அது அவர்கள் மேலத்தெருப் பாட்டு, வயலில் வேலை செய்த நாங்கள் கேட்டுக் கற்றுக்கொண்டோம் என்றார்கள். கட்சிக்காரர்கள் அது பழந்தமிழர் வீரத்தில் பிறந்தது என்றார்கள். ஒரு நாளாவது சேற்றில் இறங்கியவர்கள் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள்.

நாற்று நடுகிறவள் முன்னால் நடந்தால் நட்ட பயிரையே மிதிப்பாள். அதனால் வரிசையாகக் குனிந்து நின்று, ஊன்றி ஊன்றிப் பின்னால்தான் போக வேண்டும். பாட்டும் அதே நடையில் போகும். குதிகாலில் வரப்பு இடித்தால் வயல் முடிந்தது என்று அர்த்தம். யார் காலில் முதலில் இடிக்கிறதோ அவள் கடைசி வரியை எடுத்துப் பாடுவாள். அதை யாரும் தடுக்கக் கூடாது. பொங்கலுக்குத் தெருவில் கூடும்போது அதே பாட்டை வட்டமாக நின்று பாடினார்கள். கையில் நாற்று இல்லாததால் தட்டினார்கள். கால் மட்டும் பழக்கத்தை விடவில்லை. வட்டம் விரிந்துகொண்டே போய் யாராவது ஒருத்தியின் குதிகால் ஒரு வீட்டுச் சுவரில் இடிக்கும். அங்கே கடைசி வரி, ஆட்டம் முடிந்தது. இதில் நிலாவும் இல்லை, நாணமும் இல்லை.

அந்தக் கடைசி வரியால்தான் ஒரு பொங்கலுக்கு அவ்வளவு ரகளை நடந்தது. நில உச்சவரம்புச் சட்டம் வந்து, மிராசுதார் தன் மருமகன், மச்சினன், மாட்டுக்காரன் பெயருக்கெல்லாம் நிலத்தை எழுதிவைத்திருந்த காலம் அது. அறுவடைக் கூலி கேட்டு எங்கள் தெரு வேலை நிறுத்தம் செய்தது. வெளியூர் ஆட்களை இறக்கினார்கள், போலீஸ் வந்தது, எங்கள் ஆட்கள் உள்ளே போனார்கள். கடைசியில் தாசில்தார் ஆபீசில் உட்கார்ந்து பேசி, கூலி இத்தனை மரக்கால் நெல் என்று முடிவானது. மரக்காலைக் குவித்து அளப்பதா, மேலே வழித்துத் தலைதட்டி அளப்பதா என்று மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மிராசுதாரின் காரியஸ்தர் தலைதட்டித்தான் அளப்பார். கொடுத்த கூலியில் ஒரு பங்கு அந்தக் கைவீச்சிலேயே திரும்பப் போய்விடும்.

எங்கள் பாட்டின் கடைசி வரி இதுதான்: ‘குமிச்சு அளந்தா குதிரெல்லாம் நெறையும், தட்டி அளந்தா தாழ்வாரம் சரியும்.’

சமாதானம் ஆனதைக் கொண்டாட, காணும் பொங்கலன்று கோயில் மைதானத்தில் இரண்டு தெருப் பெண்களும் சேர்ந்து கும்மி ஆட வேண்டும் என்று ஆளுங்கட்சியின் ஒன்றியப் பிரமுகர் ஏற்பாடு செய்தார். அமைச்சர் வருகிறாராம். அந்த மைதானத்தில் அதுவரை எங்கள் தெரு ஆட்களின் கால் பட்டதில்லை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மண்ணில், மிராசுதாரை எதிரே உட்கார வைத்து, அந்த வரியைப் பாடிவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. மன்னார்குடி விடுதியிலிருந்து லீவில் வந்திருந்த என்னையும் வட்டத்தில் சேர்த்துக்கொண்டாள்.

ஒத்திகையிலேயே வம்பு ஆரம்பித்தது. மேலத்தெருப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக முன்னோக்கிச் சுற்றி ஆடுகிறவர்கள். நாங்கள் பின்னால் போகிறவர்கள். ஒரே வட்டத்தில் நிறுத்தினால் இடித்துக்கொள்ளாமல் என்ன செய்வோம்? பிரமுகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

“ஏம்மா, நாடே முன்னேறிக்கிட்டு இருக்கு. நம்ம ஆட்சியில நீங்க பின்னால பின்னால போனா அமைச்சர் என்ன நெனைப்பாரு? முன்னால போங்க. அப்புறம் அந்தக் கடைசி வரி வேணாம். சமாதானம் ஆயிடுச்சுல்ல?”

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். “முடியாதுன்னா?”

“முடியாதுன்னா ஓரமா உக்காந்து கைதட்டுங்க. மேலத்தெரு ஆடட்டும்.”

“சரிங்கண்ணே. முன்னாலயே போறோம். அந்த வரிய எடுக்கல” என்றாள் அக்கா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கத்தினேன். கட்சிக்காரனுக்காகக் காலையும் மாற்றி வாயையும் மூடிக்கொண்டு அந்த மைதானத்தில் என்ன கிழிக்கப் போகிறாய் என்று கேட்டேன்.

“மொதல்ல உள்ள போவோம்டி. வாசல்லயே நின்னு சண்ட போட்டா மண்ண மிதிக்க முடியுமா?” என்றாள்.

மறுநாள் அமைச்சர் வழக்கம்போல நேரம் கழித்து வந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. மிராசுதார் மைதான ஓரத்தில் மர நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு ஆரம்பித்தது. முன்னோக்கி வைக்கும் ஒவ்வொரு எட்டுக்கும் எங்கள் பெண்களுக்குப் பாட்டு தொண்டையில் சிக்கியது. வரி மறந்து ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். பழகிய கால் இல்லாமல் பழகிய பாட்டு எப்படி வரும்? மேலத்தெருப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது அக்கா ஒரு எட்டு பின்னால் வைத்தாள். அவ்வளவுதான். அவளைப் பார்த்து எல்லாக் காலும் பின்னால் திரும்பின, பாட்டும் திரும்பி வந்தது. மேலத்தெருப் பெண்கள் இடிபட்டு ஒதுங்கி நின்றார்கள். பிரமுகர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினார். வட்டம் விரிந்தது. அக்கா குனிந்து தட்டியபடியே போய்க்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் மிராசுதாரின் நாற்காலி இருந்தது.

குதிகால் நாற்காலிக் காலில் ‘டொக்’கென்று இடித்தது. மைக்கில் கேட்கும் அளவுக்கு இடித்தது. அக்கா நிமிர்ந்தாள், திரும்பினாள். மிராசுதார் முகத்தைப் பார்த்து, கடைசி வரியை எடுத்தாள். நாங்கள் எல்லாரும் வாங்கிப் பாடினோம். அமைச்சருக்கு என்ன தெரியும்? நன்றாக இருக்கிறது, இன்னொரு தரம் பாடுங்கள் என்றார். இன்னொரு தரமும் பாடினோம்.

“வேணும்னேதானே அங்க போன?” என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

“போடி. வரப்பு இடிச்சுது, எடுத்தேன். எடுக்காம இருக்க முடியுமா?” என்று சொல்லிவிட்டுக் குதிகாலைத் தேய்த்துக்கொண்டாள்.

அந்த அறுவடையிலிருந்து குவித்து அளந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. களத்தில் காரியஸ்தர் முதல் மரக்காலை நிரப்பினார், வழக்கம்போல வழிக்கக் கையை மேலே கொண்டுபோனார். நெல்லுக்கு முந்தானையை ஏந்தி நின்ற அக்கா, அதை வாங்காமல் அவரைப் பார்த்தபடியே ஒரு எட்டு பின்னால் வைத்தாள். வரிசையில் நின்ற எல்லாப் பெண்களும் ஒரு எட்டு பின்னால் வைத்தார்கள். காரியஸ்தர் கையை எடுத்துவிட்டார். அன்றைக்கு மட்டும் குவிந்தபடியே அளந்தார். மறுநாள் மறுபடியும் தட்டினார், நாங்கள் மறுபடியும் பின்னால் போனோம். வருஷக்கணக்காக இதே ரோதனைதான்.

கல்லூரி அரங்கில் பேராசிரியர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நான் எழுந்து நிற்கப் போனேன். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். பக்கத்தில் அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

“என்னமோ சொல்றாரே, என்னடி அது?”

“நமக்கு வெக்கமாம்க்கா. அதான் பின்னால போனோமாம்.”