வாத்துக்கால்காரி மிதித்த கால்வாய்

எங்கள் கால்வாயின் தலைமதகில் ஒரு கல் இருக்கிறது. திட்டம் போட்டவர், அனுமதி கொடுத்தவர், திறந்துவைத்தவர் என்று அன்றைக்குக் குடை பிடித்தவனைத் தவிர எல்லாருடைய பேரும் அதில் உண்டு. அந்தக் கால்வாயில் தண்ணீர் நிற்பது யாரால் என்று மட்டும் இல்லை. அந்தக் கல்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்குப் பாதம் ரொம்ப அகலம். கல்யாணமாகி வந்த அன்றே மாமியார் குனிந்து பார்த்துவிட்டு, "இது என்ன காலா, வாத்துக்காலா?" என்றாள். அதோடு ஊருக்கே அவள் வாத்துக்கால்காரி ஆகிவிட்டாள். செருப்பு தைப்பவர் ஒரு ஜோடிக்கு ஒன்றரை ஜோடித் தோல் கேட்டார். அவள் செருப்பே வேண்டாம் என்றுவிட்டாள்.

அவள் மகள் கல்யாணமாகிப் போன வருஷம், ஆயிரத்து எண்ணூற்று அறுபதுகளில், கால்வாய் வெட்டிக்கொண்டு வந்தார்கள். வழியில் கால் மைல் தூரம் வெறும் மணல். அதைத் தாண்டித்தான் அவளுடைய ஊரும் இன்னும் நாலு ஊர்களும். கிணற்றின் அடியில் கிடந்த சேற்றைச் சுரண்டி வடிகட்டிக் குடித்துக்கொண்டிருந்த ஊர்கள். முதல் முறை விட்ட தண்ணீரை அந்த மணல் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டது. பெரிய இன்ஜினியர் கறாராகச் சொல்லிவிட்டார்: அடியில் களிமண் பூசிப் பார்ப்போம், இந்தத் தடவையும் நிற்காவிட்டால் கால்வாய் மணலுக்கு முன்னாலேயே முடிந்துவிடும்.

களிமண்ணைக் கொண்டுவந்து கொட்டினால் மட்டும் போதாது. நனைத்து, கொத்தி, பிசைந்த மாவு மாதிரி ஆகும்வரை காலால் மிதிக்க வேண்டும். நாற்பது பெண்கள் மிதித்தார்கள். மற்றவர்கள் நாலு மிதியில் முடிப்பதை அவள் இரண்டில் முடித்தாள். ஒரே மாதத்தில் அவள்தான் அவர்களுக்குத் தலைவி. குதிகாலை ஊன்றி எடுப்பாள். குதிகால் பதிந்த குழியில் நீர் கசியக்கூடாது, ஓரத்தில் வெடிப்பு விழக்கூடாது. அப்படி இருந்தால்தான் அடுத்த அடுக்குக்கு விடுவாள். முடிந்த இடத்தை ஈர வைக்கோலால் மூடிவைப்பாள். தண்ணீர் வரும்வரை களிமண் காயவே கூடாது.

திறப்புக்கு நாலு நாள் இருக்கும்போது மகளுக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்தது. போனாள். பேத்தியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, திறப்புக்கு முந்தின நாள் காலையில் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள். கால்வாயில் ஒரு வைக்கோல்கூட இல்லை. அடிமண் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

"வைக்கோலை யாரு எடுக்கச் சொன்னது?"

"நான்தான்," என்றார் மேஸ்திரி பெருமையாக. "பெரியவங்க வர்ற இடம், மாட்டுக் கொட்டகை மாதிரி கெடந்துச்சு. ஆள் வெச்சு சுத்தமா கூட்டியிருக்கேன்."

"நல்லா கூட்டினீங்க. அஞ்சு ஊரு வாயிலயும் மண்ணைப் போட்டுட்டீங்க."

விஷயம் புரிந்ததும் மேஸ்திரிக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவரைத் திட்டிக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. மணலுக்கு முன்னால் இருந்த பலகை மதகுக்கு ஓடினாள். அங்கே காவல் அவளுடைய கொழுந்தன்.

"உத்தரவில்லாம பலகையைத் தொட்டா வேலை போயிடும் அண்ணி."

"தண்ணி வராத ஊர்ல வேலையை வெச்சு என்ன பண்ணுவே? ரெண்டு விரக்கடை தூக்கு. மண்ணு நனைஞ்சா போதும்."

அவன் கையைப் பிசைந்தான். பிறகு தூக்கினான்.

நாற்பது பெண்களால் ஆகிற காரியமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஐந்து ஊருக்கும் ஆள் அனுப்பினாள்: வீட்டில் கால் உள்ளது எதுவானாலும் வரட்டும். மதியத்துக்குள் முந்நூறு மாடுகள் வந்தன. தச்சர் வந்தார், வாத்தியார் வந்தார், சண்டை போட்டுப் பிரிந்திருந்த இரண்டு பங்காளிகள் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மாமியாரும் தன் கிழட்டுப் பசுவை இழுத்துக்கொண்டு வந்து சேற்றில் இறங்கினாள். இருட்டும்வரை மிதித்தார்கள், விடிந்ததும் மறுபடி இறங்கினார்கள்.

பெரிய இன்ஜினியர் வண்டியை விட்டு இறங்கியபோது கால்வாய் முழுக்க மாடும் மனிதரும் சாணியும்.

"யாரு உத்தரவுல நடக்குது இது?"

மேஸ்திரி தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தாங்க சொன்னேன்," என்றாள் அவள்.

"தண்ணி நிக்குமா?"

அவள் களிமண்ணில் குதிகாலை ஊன்றி எடுத்தாள். அவர் குனிந்து அந்தப் பெரிய குழியை வெகுநேரம் பார்த்தார். கசிவும் இல்லை, வெடிப்பும் இல்லை.

"மாட்டையெல்லாம் மேல ஏத்துங்க. பலகையைத் தூக்குங்க."

போன தடவை அளவுக் கம்பத்தில் தண்ணீர் ஒரு மணி நேரத்துக்குள் நாலு கோடு இறங்கியிருந்தது. இந்தத் தடவை இரண்டு மணி நேரம் அத்தனை பேரும் கம்பத்தையே பார்த்தார்கள். ஒரு கோடுகூட இறங்கவில்லை. பிறகு மணல் முடியும் இடத்தில் தண்ணீரைத் தடுத்து நிறுத்தியிருந்த கடைப்பலகையையும் எடுத்தார்கள். தண்ணீர் முன்னால் போக, ஐந்து ஊர் ஜனமும் கூச்சலிட்டுக்கொண்டு கரையோடு ஓடியது. வாத்தியார் வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் ஓடினார். அவளும் அழுதுகொண்டே ஓடினாள். அப்படி ஒரு சந்தோஷம் தன் வாழ்நாளில் அதற்கு முன் வந்ததில்லை என்று பின்னால் சொல்லியிருக்கிறாள்.

ஊர் எல்லையில் முதல் குடத்தை மொண்டவள் மாமியார். அதை வீட்டுக்குத் தூக்கிப் போகாமல் மருமகள் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"காலை நீட்டு."

"நீங்க எதுக்கு அத்தை, நானே..."

"நீட்டுடி."

தண்ணீரை ஊற்றி, விரலிடுக்கில் காய்ந்திருந்த களிமண்ணைத் தன் கையாலேயே தேய்த்துக் கழுவினாள். ஒரு பாதம் முடிவதற்குள் குடம் காலியாகிவிட்டது.

"எவ்வளவு தண்ணி பிடிக்குது பாரு இந்த வாத்துக்காலுக்கு," என்று அலுத்துக்கொண்டே இன்னொரு குடம் மொள்ளப் போனாள்.