பின்னாடி டிரம்மு

போன செவ்வாய்க்கிழமை மாதவரத்தில் ஒரு ஒர்க் ஷாப் வாசலில், பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே என் மகன் சேகரின் சின்னக் கார், பின் சக்கரங்கள் இல்லாமல் ஜாக்கி மேல் நின்றது. டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போடுகிறார்கள்.

சின்னக் கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்தான் வருமாம். டிஸ்க் என்றால் தட்டு... சக்கரத்தோடு சுற்றும், இரண்டு பக்கமும் கட்டைகள் கவ்விப் பிடித்து நிறுத்தும். டிரம் என்றால் கவிழ்த்த சட்டி. உள்ளே இருக்கிற கட்டைகள் விரிந்து சட்டியின் சுவரை அழுத்தி நிறுத்தும். சேகர் எத்தனையோ வருஷமாகக் கால் டாக்ஸி ஓட்டுகிறான். இது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

இந்த வண்டிக்குப் பின்னால் டிரம்மே போதும், ஹேண்ட் பிரேக் ஒயரை வேறு மாற்ற வேண்டிவரும், வீண் வேலை என்று மெக்கானிக் எடுத்துச் சொன்னார். சேகர் கேட்கவில்லை.

"டிரம்முன்ற பேரே என் வண்டில இருக்கக் கூடாது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏன் குனிந்தேன்? அதைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன். நான் அஞ்சாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் வராது. உங்களிடம் மட்டும் வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் பேசுவேன் – அதுவும் இத்தனை நாள் கொசு, பஸ், பக்கத்து வீட்டுச் சேவல் என்று. இது அப்படி இல்லை.

ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் இலியாஸ் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். அவனும் சேகரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். சேகர் வண்டியை அவனைத் தவிர யாரும் தொட்டதில்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் காலை எங்கள் வாசலுக்கே வந்து, பஞ்சரான பின் சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிவிட்டுப் போனான். சேகர் நைட் டூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் கடையிலிருந்து எனக்குப் போன். கழற்றிக்கொண்டு போன சக்கரத்தின் உள்பக்கம் அவன் எதையோ பார்த்திருக்கிறான்.

"ம்மா, சேகரு போன் எடுக்கல. பின்னாடி டிரம்மு லீக்காவுது. இன்னிக்கே மாத்தணும், அவனாண்ட சொல்லிடு. மத்தியானம் நானே வந்து மாத்திக் குடுத்துட்றேன்."

எங்கள் பக்கத்தில் டிரம் என்றால் என்ன? லாரித் தண்ணீர் பிடிக்கிற நீல டிரம். எங்கள் வீட்டில் வாசலில் ஒன்று, பின்னாடி ஒன்று. போய்ப் பார்த்தேன். பின்னாடி இருந்தது நிஜமாகவே அடியில் கசிந்துகொண்டிருந்தது. பிள்ளை எப்போது இதைக் கவனித்தான், என்ன அக்கறை என்று எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

எந்த டிரம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டேனா? "சரிப்பா" என்று வைத்துவிட்டேன். போன் என்றாலே எனக்கு எப்போது முடியும் என்றிருக்கும்.

வேலைக்கு நடுவே அவனை ஏன் டிரம் தூக்கவைக்க வேண்டும்? சேகரை எழுப்பாமல் நானே வண்ணாரப்பேட்டை போய்ப் புதுசு வாங்கினேன். ஆட்டோவில் அதைக் கட்டிப் பிடித்தபடி வந்து இறங்கினால்... வாசலில் கார் இல்லை. சவாரி வந்து சேகர் எடுத்துப் போயிருந்தான்.

திருவொற்றியூர் தாண்டி, முன்னால் போன கன்டெய்னர் லாரி சட்டென்று நின்றது. இவன் பிரேக்கை மிதித்தான். மிதி தரை வரை போனது. வண்டி பாதிதான் கேட்டது, லாரியின் பின்னால் போய் மோதியது. பின் சீட்டில் சவாரி இன்னும் ஏறவில்லை, அது ஒன்றுதான் சாமி காப்பாற்றியது. சேகருக்கு இடது முட்டியில் தகடு வைத்தார்கள். இன்றைக்கும் சாய்த்துச் சாய்த்துத்தான் நடக்கிறான்.

பின் டிரம்மில் பிரேக் ஆயில் கசிந்து தீர்ந்திருக்கிறது என்று வண்டியை இழுத்து வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் அருகே இலியாஸ் வந்து நின்றதும் சேகர் கேட்டான்.

"சக்கரத்த கய்ட்டுனது நீ. ஒரு வார்த்த சொல்லலியேடா."

இலியாஸ் என்னைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு எந்த டிரம் என்று உறைத்தது. தரையைப் பார்த்தேன்.

"மறந்துட்டேன் மாமு" என்றான் இலியாஸ்.

அதோடு சரி. சேகர் அவனோடு பேசுவதில்லை. தெருமுனை வழியாகக்கூடப் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறான். ராயபுரத்தில் இருந்துகொண்டு கார் ரிப்பேருக்கு மாதவரம் போகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பெற்றிருக்கிறேன்.

வேலை முடிந்ததும் மாதவரத்து மெக்கானிக் என்னைக் கூப்பிட்டுப் புதுத் தட்டைக் காட்டினார்.

"பாரும்மா, இது தொறந்துகினு கீது. கசிஞ்சா கண்ணுக்குத் தெரியும். டிரம்மு மூடிகினே இருக்கும், உள்ள இன்னா நடக்குதுன்னே தெரியாது."

அவர் பிரேக்கைத்தான் சொன்னார்.

மறுநாள் இலியாஸ் கடைக்குப் போனேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன். அவனே ஆரம்பித்தான்.

"தெரியும்மா. அன்னிக்கு நீ ஆட்டோல நீல டிரம்ம கட்டிப் புட்ச்சுகினு போன. நான் கைகூட ஆட்டினேன். அப்ப எனக்கும் புரில."

இன்றைக்கே சேகரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவன் துடைத்த ஸ்பேனரையே மறுபடி மறுபடி துடைத்தான்.

"வாணாம்மா. என்னாண்ட பேசலன்னா அவனுக்கு வேற தோஸ்துங்க கீறாங்க. உன்னாண்ட பேசலன்னா வூட்ல யாரு கீறா?"

நேராக வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன்.

கேட்டால் சிரிப்பார்களே என்று என்னைப் போன்றவர்கள் எத்தனை கேள்விகளை விழுங்கியிருப்போம்... சிரித்தால்தான் என்ன? 'எந்த டிரம்முப்பா' என்று கேட்டிருந்தால் இலியாஸ் சிரித்திருப்பான். சாயந்தரம் சேகரிடம் சொல்லி இரண்டு பேருமாகச் சிரித்திருப்பார்கள். அவ்வளவுதானே?

அன்றைக்கு வாங்கிய புது டிரம் பின்னாடிதான் நிற்கிறது. ஒரு சொட்டுக் கசியவில்லை.

சேகர் என் பத்தியைப் படிக்கிற வழக்கம் இல்லை. இந்த வாரப் பத்திரிகையை, இந்தப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி மடித்து, டிரைவர் சீட்டில் வைக்கப் போகிறேன்.

வண்டியை எடுப்பதற்கு முன்னால் படித்துவிடு, சேகர்.