பதினேழாம் நம்பர் ட்யூப்

செம்பூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடம். அங்கே நான் ஸ்டோர் கிளார்க், இசக்கியக்கா லேப் உதவியாளர். தாராவிக்காரர். இந்த வேலைக்கு முன் பதினோரு வருடம் சட்டைப் பட்டறையில் பண்டல் கட்டியவர். ஒரு சட்டையின் கை, காலர், முதுகுத் துண்டுகளுக்கெல்லாம் ஒரே நம்பர் ஒட்டி, ஒரு பண்டலைக் கட்டி முடித்த பிறகுதான் அடுத்ததை அவிழ்ப்பார். இங்கேயும் அதே பழக்கம்தான். ஒரு மூடியை மூடாமல் இன்னொன்றைத் தொடமாட்டார். அந்த நிதானத்தைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வரும்.

மலையடிவாரத்திலிருந்து தவளை, ஓணான், பாம்பு என்று இருபத்துமூன்று உயிர்கள் வந்திருந்தன. அக்கா ஒவ்வொன்றிலும் துளி சதை எடுத்து, ட்யூபில் போட்டு நம்பர் எழுதினார். எல்லாவற்றிலும் ஒரே மரபணுவை எழுத்துச் சரமாகப் படித்து, கம்ப்யூட்டர் ஒப்பிடும். வித்தியாசம் குறைந்தால் நெருங்கிய சொந்தம், கூடினால் தூரத்துச் சொந்தம். அப்படித்தான் வம்ச மரம் வரைவார்கள்.

திங்கட்கிழமை மரம் வந்தது. பாட்டிலில் பாம்பு என்று எழுதி வந்த பதினேழாம் நம்பர், பாம்புகளை விட்டுவிட்டுத் தவளைகள் பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. ஆராய்ச்சி மாணவி ஷாலினி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"அக்கா, பதினேழையும் பதினெட்டையும் மாத்திப் போட்டுட்டீங்க. பூரா வேலையும் வேஸ்ட்."

வெள்ளிக்கிழமை அக்காவின் கான்ட்ராக்ட் முடிகிறது. தப்பு என்று ஃபைலில் ஏறினால் வேலை போச்சு. மூன்று நாள் அவருடைய டிபன் பாக்ஸ் திறக்காமலே தாராவிக்குத் திரும்பியது. எனக்கு ஷாலினி மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ஆனால் ஸ்டோர் கிளார்க் பேச்சு லேபில் எடுபடுமா? வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை லேப் தலைவர் பத்ரிநாராயணன் அக்காவையும் ஷாலினியையும், பாட்டில்கள் என் பொறுப்பு என்பதால் என்னையும் கூப்பிட்டார். மாட்டுங்காக்காரர், அதட்டத் தெரியாத மனிதர். மரம் வரைந்த காகிதத்தை மேஜையில் விரித்து, "மாறிடுத்தாம்மா?" என்றார்.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், பதினெட்டு எங்க இருக்கு?"

"தவளைக்குள்ள. அது தவளைதானே."

"அப்பம் எப்பிடி சார் மாறியிருக்கும்? ஒரு சட்டைக் கை மாறுனா ரெண்டு சட்டையும்லா கெடும். பதினெட்டு பாம்புக்குள்ள போயிருக்கணுமே."

சார் குனிந்து பார்த்தார். பதினேழு தவளைகளுக்கு நடுவிலும் இல்லை, பக்கத்தில் தனிக் கிளையாக நின்றது. பாட்டிலை எடுத்துவர நானே ஓடினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தார். உடம்பெல்லாம் வளையம் வளையமாக மடிப்பு, வெளியே ஒரு செதில் இல்லை.

"இது பாம்பே இல்லை. சிசிலியன். கால் கிடையாது, மண்ணுக்குள்ள இருக்கும். பாக்கத்தான் பாம்பு மாதிரி, சொந்தமெல்லாம் தவளையோட. உருவத்தைப் பாத்துப் பேர் எழுதினது பிடிச்சுண்டு வந்தவா தப்பு. கவனிக்காம விட்டது என் தப்பு. நீ சரியாத்தான் பண்ணியிருக்கே."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். ஷாலினி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். மறுபடி சதை எடுத்துச் சோதிக்கவும் அக்காவையே போடச் சொல்லிவிட்டு, சார் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டார். அப்பாடா, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

மதியம் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்தார். புளிச்சோறு. என் ஊறுகாயைக் கேட்டு வாங்கி, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"பாட்டில்ல செத்துக் கெடக்கதை ரெண்டு வாட்டி சோதிக்காவ. சார் கேக்கதுக்கு முன்ன, மாத்துனியான்னு என்ட்ட ஒரு வாட்டி கேட்டியளா வேல்ராஜு, நீயும் சேத்துத்தான்?"