கண்ணாடியில் தெரிந்த சிவப்பு ஒயர்

எண்பதுகளின் தொடக்கத்தில், பழவேற்காட்டில் நடந்தது இது. படகு தள்ளும்போது கால் ஒடிந்து, கடலுக்குப் போக முடியாமல் கிடந்தேன். கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்த்த ஒரு பாயிடம் வேலை கற்கச் சேர்ந்தேன். வயதில் என்னைவிடச் சின்னவர். "ரேடியோவுக்குள்ள வலை வுடப் போறாண்டா" என்று குப்பத்தில் சிரித்தார்கள்.

நான் ஐந்தாம் வகுப்புதான். ஒயர்களை அந்தந்த நிறக் கோடுகளாகக் காட்டும் சர்க்யூட் படம் தலையில் ஏறவில்லை. பாய் ஒரு வழி செய்தார். திறந்த ரேடியோவுக்கு முன்னால் ஒரு ஜன்னல் கண்ணாடித் துண்டைச் சாய்த்து நிறுத்தி, பக்கத்தில் படத்தை வைத்து அதன்மேல் விளக்குப் போட்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தால், அதில் பிரதிபலித்த படத்தின் கோடுகள் ரேடியோவின் மேலேயே படிந்து தெரிந்தன. எந்த ஒயர் எங்கே போகிறது என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். எனக்குக் குழப்பம்தான் கூடியது. தலையை அசைத்தால் கோடுகளும் நகர்ந்தன. எது ஒயர், எது கோடு என்று கேட்கக் கூச்சம்.

ஒருநாள் மச்சான் எங்கள் குப்பத்து ரேடியோவைத் தூக்கி வந்தான். அதில் வானிலை கேட்டுத்தான் படகு இறக்குவார்கள். காற்று ஒரு மாதிரியாக இருந்தது.

"சாயந்திரத்துக்குள்ள இது பேசணும் மச்சான். இல்லன்னா கேக்காமலே எறங்க வேண்டியதுதான்" என்று சொல்லிப் போனான்.

பாய் என்னையே பார்க்கச் சொன்னார். கண்ணாடி வைத்து மதியம் வரை பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. ரேடியோ மட்டும் வாய் திறக்கவில்லை.

"பேட்டரிலேர்ந்து போற செவப்பு ஒயர் கீதாண்ணே?" என்று பாய் கேட்டார்.

"கீது பாய். நல்லா தெரியுது."

"தொட்டுப் பாத்தியா?"

தொடவில்லை. கெட்டுவிடுமோ என்ற பயம். பாய் விளக்கை அணைத்தார். சிவப்பு ஒயர் காணாமல் போனது. அந்த இடத்தில் உப்புக்காற்றில் இற்று, பச்சை பூத்த நுனி மட்டும் நின்றது. இவ்வளவு நேரமும் நான் பார்த்தது படத்தின் கோட்டை.

"இன்னாண்ணே, இல்லாத ஒயருக்கு சாட்சி சொல்ற?" என்று பாய் சிரித்தார்.

புது ஒயரை நானே பற்றவைத்தேன். ரேடியோ கரகரவென்று பேசியது. சாயந்திரச் செய்தியில் மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்றார்கள். மச்சான் படகை மேட்டுக்கு ஏற்றினான்.

அந்தக் கோட்டைப் பொய் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஒயர் இருக்க வேண்டிய இடத்தைத்தானே அது காட்டியது. இருக்க வேண்டியதையும் இருப்பதையும் இன்றும் நான் குழப்பிக்கொள்கிறேன், அதனால் எதையும் அடித்துச் சொல்லும் முன் என் கை தானாக நீண்டு ஒருமுறை தொட்டுப் பார்க்கிறது.